கையில் கொடுக்கக் கூடாத காந்தாரி

1

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்வாசலில் அறிவிப்புகள் ஒட்ட ஒரு பலகை இருக்கிறது. சைக்கிளை நடைவழியில் நிறுத்தக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடக் கூடாது. பால்கனியிலிருந்து பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது. இவற்றுக்கெல்லாம் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள், புதிதாக ஒன்று: "செடிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் நோக்கத்துடன் வீடுகளுக்குள் மிளகாயை எரிக்கக் கூடாது."

பெயர் எதுவும் போடவில்லை. பின்லாந்துக்காரர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் எல்லோரையும் சேர்த்துத்தான் திட்டுவார்கள். ஆனால் இந்தக் கட்டிடத்தில் போடிநாயக்கனூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்றே ஒன்றுதான். தபால் கொண்டுவருகிற பெண் அந்த அறிவிப்பை வாசித்த நாளிலிருந்து, எங்கள் பெட்டியில் கடிதத்தைப் போடும்போது மட்டும் மூக்கைத் தடவிக்கொள்கிறாள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது. செடி வாடியிருக்கிறது, கண் பட்டிருக்கிறது, மிளகாயைச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள், இதில் பலகையில் ஒட்டும் அளவுக்கு என்ன வந்தது என்பீர்கள். தீயணைப்பு வண்டி வந்தது என்று சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவீர்கள். அதற்கு முன்னால் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செடியைச் சொன்னால் என் மகளையும் சொல்லியாக வேண்டும். உண்மையில் அந்தப் பனிக்காலம் முழுக்க என் கவலை அவளைப் பற்றியதுதான். பள்ளிப் படிப்பு முடிந்து ஆகஸ்டில் வடக்கே ஓலு என்ற ஊருக்குப் படிக்கப் போவதாக இருந்தது. போவதற்குள் எங்களோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசுவாளா, போன பிறகு போனாவது செய்வாளா என்பது எனக்குத் தெரியவில்லை.

2

காந்தாரி மிளகாயைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். மற்ற மிளகாய் மாதிரி தொங்காது. வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். கடித்தவன்தான் தரையைப் பார்த்துக் குனிவான்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் என் அண்ணனுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. அங்கே காந்தாரியை யாரும் நடுவதில்லை. குருவி தின்றுவிட்டு எச்சம் போடும், முளைக்கும். ஏலச்செடிகளுக்கு நடுவில் முளைத்தால் களையோடு களையாகப் பிடுங்கி எறிவார்கள். வேலி ஓரமாக முளைத்தால் பிழைத்துப்போகும். கப்பைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள உப்பு வைத்து நசுக்க வேண்டும் என்றால் ஏலக்காய் எடுக்கும் பெண்கள் போகிற போக்கில் ஒரு கை பறிப்பார்கள். அதற்குத் தொட்டி வைப்பது, உரம் வைப்பது, சன்னலோரத்தில் இடம் பார்ப்பது என்பதெல்லாம் அங்கே யாருக்கும் தோன்றாத காரியம்.

சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது எனக்குத் தோன்றியது. கிளம்பும் அன்று வேலி ஓரத்தில் பழுத்த காந்தாரியாக ஒரு கை பறித்துக் காகிதத்தில் மடித்து வைத்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏப்பு, ஏலக்கா ஒரு டின்னு கட்டி வச்சிருக்கேன். அத விட்டுட்டு இந்தக் களையவா ஏரோப்ளேன்ல ஏத்திட்டுப் போற?"

"அங்க கெடைக்காதுண்ணே."

"இங்க கெடைக்குதேன்னு நாங்க என்ன கொண்டாடிக்கிட்டா இருக்கோம்?"

பின்லாந்து விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பின்னிஷ் மொழியில் சொல்லுக்குச் சொல் வேற்றுமை உருபு வாலாகத் தொங்கும். நம் தமிழ் மாதிரிதான், நமக்குச் சுலபமாக வரும் என்று வந்த ஆரம்பத்தில் யாரோ சொன்னதை நம்பி ஆண்டுக்கணக்காக மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். 'இது என் அண்ணன் தோட்டத்தில் விளைந்தது' என்று கம்பீரமாகத்தான் தொடங்கினேன். வால் மாறி, 'என் அண்ணன் இந்தத் தோட்டத்தில் விளைந்தவர்' என்று முடிந்தது. அந்த அதிகாரி சிரிக்கவில்லை. கையுறை மாட்டி, இடுக்கியால் என் காந்தாரியை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தாள். பக்கத்தில் இருந்த ஏலக்காய் டின்னை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். களையைப் பறிகொடுத்துவிட்டுப் பயிரோடு வீடு வந்து சேர்ந்தேன்.

3

எங்களுக்கு மேல்மாடியில் பெக்கா இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். அவருடைய இரண்டு அறை வீட்டில் ஒரு அறை மிளகாய்களுக்கு. ஊதா வெளிச்சம் அடிக்கும் விளக்குகள், காற்றாடி, வெப்பமானி, மண்ணின் புளிப்பை அளக்கும் கருவி எல்லாம் உண்டு. செடிகளின் பெயர்களைக் கேட்டால் நமக்கு வியர்க்கும்: பேய், தேள், சாவு. இந்த ஊரில் மிளகாய் வளர்க்கிறவர்களுக்குச் சங்கமே இருக்கிறது. விளைந்ததை யாரும் சமையலில் போடுவதில்லை. சங்கத்துக்குக் கொண்டுபோய் ஒரு துணுக்கை நாக்கில் வைத்து, முகம் சிவந்து, தாரை தாரையாகக் கண்ணீர் விட்டு, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உப்புக்கூடச் சரியாகப் போடாத உருளைக்கிழங்கைச் சாப்பிடுவார்கள். நாலு பேர் முன்னால் அழ இவர்களுக்கு வேறு வழி இல்லை போலிருக்கிறது.

விமான நிலையக் கதையை லிப்டில் அவரிடம் சொன்னேன். மறுநாள் ஒரு நாற்றோடு வாசலில் நின்றார். தொட்டியில் ஒரு சீட்டு செருகியிருந்தது: காந்தாரி, இந்தியா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மொழித் தேர்வில் தேறி, குடியுரிமைக்கு விண்ணப்பித்து, 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வேலி ஓரத்துக் களை எனக்கு முன்னால் வந்து, மேல்மாடியில் தனி அறையும் மின்விளக்கும் வாங்கிக்கொண்டு வாழ்கிறது.

"உங்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை" என்றார் பெக்கா. இந்தியன் என்றால் மிளகாயோடு பிறந்தவன் என்பது அவருடைய கணக்கு. நானும் மறுக்கவில்லை. மானப் பிரச்சினை.

ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏலம். ஏலத்துக்கு வெயில் ஆகாது, நிழல் வேண்டும். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். மேலே பனி மாதிரி தூறல் விழ வேண்டும். தூரில் சருகு மூடியிருக்க வேண்டும். என் கைக்கு வேறு வேலை தெரியாததால் அந்த மிளகாய்க்கு அத்தனையும் செய்தேன். ஈஸ்வரியின் பழைய வாயில் சேலையைக் கிழித்து பெக்கா இரவல் கொடுத்த ஊதா விளக்குக்கும் செடிக்கும் நடுவில் நிழல் கட்டினேன். பூங்காவிலிருந்து சருகு அள்ளி வந்தேன். வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் தண்ணீர் தெளித்தேன். செடி வளர்ந்தது. வளர்ந்து சன்னலை மறைத்தது. இலை ஒவ்வொன்றும் வெற்றிலை மாதிரி பளபளத்தது. ஒரு வருடம் முழுக்க ஒரு பூ இல்லை.

ஈஸ்வரி என் மனைவி. ராசிங்காபுரத்தில் மிளகாய் போடுகிற குடும்பம். மலையேறி ஏலம் பார்க்கிற எங்களுக்கு, கீழே காட்டில் மிளகாய் போடுகிற அவர்களைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரம் என்று அவளுக்குக் கல்யாணமான நாள் முதல் ஒரு எண்ணம். அதனால் ஒரு வருடம் வாயைத் திறக்காமல் நான் படுகிற பாட்டை ரசித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"ஏங்க, இது மொளகாச் செடியா, கோயில் கட்டி வச்ச அரச மரமா?"

"நெழலு வேணும் ஈஸ்வரி."

"நெழலு ஏலத்துக்கு. எங்க காட்டுல மொளகாய வெயில்ல போட்டு வாட்டுவோம். கொஞ்ச நாளு தண்ணியே காட்ட மாட்டோம். அதுக்குக் கோவம் வரணும், கோவம் வந்தாத்தான் காய்க்கும். செடியையும் புள்ளையையும் ஒரே மாதிரி வளத்து வச்சிருக்கீக. ரெண்டுக்கும் கோவமே வர மாட்டேங்குது."

சேலையை அவிழ்த்துப் போட்டாள். சருகை வாரிக் குப்பையில் கொட்டினாள். செடி வதங்கித் தலையைத் தொங்கப் போட்டது. அதற்கு அடுத்த மாதம் பூத்தது. அதற்கப்புறம் காய்த்த காய்ப்பில், காம்பு தெரியாமல் செடி முழுக்கக் காய் நின்றது.

பெக்காவுக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டாமா? அவர் கதவைத் திறந்து கையை நீட்டினார். ஈஸ்வரி கிண்ணத்தை அவர் கையில் கொடுக்காமல், குனிந்து வாசற்படியில் வைத்தாள். மிளகாயையும் உப்பையும் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். நம் பக்கம் இது குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் கல்யாண விருந்தில் மாமியாரிடம் மோர் மிளகாய்க்காகக் கையை நீட்டியதற்கு ராசிங்காபுரமே என்னை ஒரு மாதிரி பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. பெக்காவிடம் இதை விளக்கினேன். அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று! அருகில் வராமல், தொடாமல், முகம் பார்க்காமல் பொருளை வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்றால் இந்த ஊர்க்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து மிளகாய் மட்டுமல்ல, ரொட்டி, செய்தித்தாள், எங்களிடம் கடன் வாங்கிய ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் எங்கள் வாசலில் தரையில் வைத்து, மணியை அடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

4

மகளுக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தோம். பள்ளியில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் 'தேனி' என்று கூப்பிடுகிறார்கள். போடியில் பிறந்தவனுக்கு மாவட்டத் தலைநகரமே மகளாக வாய்த்தது. வீட்டில் தேனு.

அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் தோழி வீட்டுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வந்தாள். நான் நம் ஊர் அப்பன்மார் போடுகிற சத்தத்தைத்தான் போட்டேன். அதிலும் பாதிதான். அடுத்த வாரம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ஆலோசகர் ஒருவர் எனக்குக் காபி கொடுத்து, "உங்கள் வீட்டில் குரல் உயர்கிறதாமே?" என்று மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார். போகும்போது குரலை உயர்த்தாமல் கோபப்படுவது எப்படி என்று ஒரு சிற்றேடு கொடுத்தார். அதன்படி நான் 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்று தொடங்க வேண்டும். போடியில் எந்த வீட்டிலாவது யாராவது அப்படித் தொடங்கிக் கேட்டிருக்கிறீர்களா? தொடங்கினால் எந்த ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள்.

நானும் என் அப்பாவும் தோட்டத்துக்கு ஜீப்பில் போவோம். மலையடிவாரத்து முந்தல் தாண்டுவதற்குள் சண்டை ஆரம்பிக்கும். மருந்தடிப்பைப் பற்றியோ, ஏலக்காய் விலையைப் பற்றியோ, என் தலைமுடியைப் பற்றியோ ஏதாவது ஒன்று. கொண்டை ஊசி வளைவுகளில் அது உச்சத்துக்குப் போகும். போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் யாராவது வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் இருவரும் ஒன்றுசேர்ந்து அவரோடு சண்டை போடுவோம். அப்புறம் ஒரே பெஞ்சில் டீ குடிப்போம். அவர் எனக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை, நானும் அவருக்குச் சொன்னதில்லை.

சிற்றேடு வந்த பிறகு எங்கள் வீட்டில் நன்றி பெருகிற்று. பின்னிஷ் மொழியில் நன்றிக்குக் கீத்தோஸ். டீ போட்டுக் கொடுத்தால் கீத்தோஸ். துவைத்த துணியை மடித்து வைத்தால் கீத்தோஸ். "பரீட்சை எப்படிம்மா?" என்றால், "நல்லாருந்துச்சுப்பா, கீத்தோஸ்." கதவு மூடிக்கொள்ளும். எனக்கும் ஆலோசகருக்கும் இருந்த அதே மரியாதை எனக்கும் என் மகளுக்கும் வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் சிற்றேட்டு வாக்கியத்தில்தான் சொல்ல வேண்டும் என்பதால் சொல்லாமல் இருந்தேன்.

மிஞ்சியிருந்தது செடி. சாப்பிடும்போது, "செடி இன்னொரு கிளை விட்டிருக்கு" என்பேன். "அப்டியாப்பா" என்பாள். ஈஸ்வரி, "எலையில பேன் வந்த மாதிரி இருக்கு" என்பாள். தேனு எழுந்து போய் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, "இல்லம்மா, தூசி" என்பாள். அவள் மிளகாய் தின்பதே இல்லை. இருந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பாள். எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

5

இந்த வருடம் மார்ச் மாதம் பெக்கா எங்கள் சமையலறைக்கு வந்து காந்தாரியைப் பார்த்தார். வெளியே பனி இடுப்பளவு கிடந்தது. உள்ளே செடி செக்கச்செவேல் என்று காய்த்து நின்றது. "என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது" என்றார். பின்லாந்துக்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வருவது அபூர்வம். சங்கத்தில் காட்ட ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன.

"கண்ணு பட்டுருச்சு" என்றாள் ஈஸ்வரி. "அந்த மனுசன் வாயப் பொளந்துக்கிட்டு நின்னப்பவே நெனச்சேன். போட்டோ வேற எடுத்துட்டாரு. சங்கத்து ஆளுக பூராம் பாத்திருப்பாக."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கை நிறைய வரமிளகாயும் கல் உப்பும் எடுத்துக்கொண்டு செடியை வலமும் இடமும் சுற்றினாள். மிளகாய்ச் செடிக்கு மிளகாயாலேயே சுற்றிப் போடலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்பதற்குள் அவள் அடுப்பிடம் போய்விட்டாள். அடுப்பு மின்சார அடுப்பு, தீ கிடையாது. அதனால் இரும்புத் தோசைக்கல்லைக் காய வைத்து அதன் மேல் கொட்டினாள்.

நெடி வரவில்லை என்றால் கண் பட்டிருந்தது என்று அர்த்தம். நெடி வந்தால் கண் இல்லை. இது நம் சாஸ்திரம். அன்று வந்த நெடியைப் பார்த்தால் அந்தச் செடியை உலகத்தில் ஒருவரும் ஏறிட்டுக்கூடப் பார்த்திருக்க முடியாது. கூரையில் இருந்த புகை எச்சரிப்பான் அலறியது. சன்னலைத் திறந்தேன், காற்று உள்ளே அடித்து நெடியை மாடிப்படிக்குத் தள்ளியது. ஒவ்வொரு கதவாகத் திறந்து, ஒவ்வொரு தளமாக இருமினார்கள். யாரோ தீயணைப்புக்குப் போன் செய்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசாமலே பல வருடம் குடியிருந்தவர்கள் எல்லோரும் வீட்டுச் செருப்போடு பனியில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். பெக்கா மட்டும் ஒரு தடவை ஆழமாக மூச்சை இழுத்து, இருமி, "நல்ல ரகம்" என்றார்.

முகமூடி போட்ட தீயணைப்பு வீரர் ஒருவர் உள்ளே போய்விட்டு வந்து என்னிடம் கேட்டார்.

"என்ன எரிந்தது?"

"மிளகாய்."

"ஏன்?"

"மிளகாய்ச் செடிக்கு உடம்பு சரியில்லை."

அவர் குறிப்பேட்டைத் திறந்தார். "இது சிகிச்சையா?"

"ஆமாம்" என்றேன். அதற்கு மேல் விளக்க என் பின்னிஷில் வால் போதாது. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பலகையில் இருக்கும் வாசகம் இப்படித்தான் பிறந்தது.

எங்கள் பின்னாலேயே இறங்கிவிட்டாள் என்று நினைத்திருந்த தேனு அப்போதுதான் வெளியே வந்தாள். பனியில், அரைக்கைச் சட்டையோடு. அவளுடைய கனத்த குளிர் ஜாக்கெட்டைக் கழற்றிச் செடியைச் சுற்றிக் கட்டி, தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். நாங்கள் ஓடிவந்த அவசரத்தில் செடியை நினைக்கவே இல்லை. ஜாக்கெட்டின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி இம்புட்டுத் தண்ணி நிக்குது இதுல?" என்றாள் ஈஸ்வரி.

"காலைல நான்தான் ஊத்துனேன்" என்றேன்.

"நீங்க எதுக்கு ஊத்துனீக? காய் புடிச்சதுலருந்து நானுல்ல தெனம் சமையல் முடிச்சு ஊத்துறேன்!"

தேனு பல் கிட்டிக்க, "நான் ஸ்கூல் விட்டு வந்து தினமும் ஊத்துவேன்" என்றாள்.

கண் படவில்லை. வேர் அழுகியிருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் சொல்லாமல், அன்பாக ஊற்றிக் கொன்றுகொண்டிருந்தோம்.

"ஒன்னைய யாருடி ஊத்தச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். பல வருடத்துக்குப் பிறகு என் சொந்தக் குரல் வெளியே வந்தது.

"யாரும் சொல்லல! இந்த வீட்ல யாரு யாருக்கு என்ன சொல்றீங்க?" அவளும் கத்தினாள். "செடியப் பத்தி மட்டும்தான் பேசுவீங்க. அது செத்துப்போச்சுன்னா அதுவும் பேச மாட்டீங்க. அதான் ஊத்துனேன்!"

"அதுக்குன்னு கேக்காமக் கொள்ளாம ஊத்துவியா?"

"நீங்க கேட்டீங்களா? ஏலக்காத் தோட்டமாப்பா இது, தண்ணியா ஊத்துறதுக்கு?"

"நான் அப்பவே தலதலயா அடிச்சுக்கிட்டேன்" என்று ஈஸ்வரி நடுவில் புகுந்தாள். "வெயில்ல வாடப் போடுங்கன்னேன். அப்பனும் மகளும் ஒண்ணு போல!"

குடியிருப்பே பார்த்துக்கொண்டிருந்தது. தமிழ் தெரியாததால் எங்களுக்குள் கொலை நடக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். தீயணைப்பு வீரர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, குடும்பத்தில் எல்லாம் சரிதானா என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். பொய் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இந்த நாட்டில் பனியில் நின்றதே இல்லை.

ஈஸ்வரி செடியைப் பிடுங்கி, அழுகிய வேரை அறுத்து, கிளைகளைக் கவாத்து செய்து, புது மண்ணில் வைத்தாள். வெட்டிய கிளையில் ஒன்றைத் தயிர் டப்பாவில் ஊன்றினாள். நான் மறுநாள் தேனுவிடம், "நேத்து ரொம்பச் சத்தம் போட்டுட்டேம்மா" என்றேன்.

"பரவால்லப்பா" என்றாள். "கீத்தோஸ்."

கதவு மூடிக்கொண்டது.

6

தாய்ச்செடி பிழைத்தது. தயிர் டப்பாவும் வேர் பிடித்து, ஆகஸ்டில் அதன் முதல் காய்களை வானத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் போனில் சொன்னேன். "வேலி ஓரத்துல போயி நின்னா ஆளு ஒயரத்துக்கு நிக்குது. நீ டப்பால வளத்து எனக்குக் கத சொல்லுற" என்றார்.

தேனு கிளம்பும் அன்று பெக்கா தன் பழைய வண்டியில் பெட்டிகளை ஏற்றி ரயில் நிலையத்தில் இறக்கினார். எல்லாவற்றையும் நடைமேடைத் தரையில் வைத்துவிட்டு ரெண்டடி தள்ளி நின்றுகொண்டார். அதுதான் அவர் வழியனுப்பும் முறை. ஈஸ்வரி மிளகாய்ப் பொடி, ஏலக்காய், இட்லிப் பொடி என்று அடைத்துக் கீழே வைத்த பை ஒவ்வொன்றுக்கும் ஒரு கீத்தோஸ் வந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஓலு பல மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்ததும் 'வந்துட்டேன்' என்று ஒரு செய்தி வரும். கூடவே ஒரு கீத்தோஸ். அப்புறம் பொங்கலுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று. நான் பயந்தது இதற்குத்தான்.

அவள் ரயில் ஏறிப் படியில் நின்றாள். தயிர் டப்பா என் கையில் இருந்தது. சாமானோடு சாமானாகக் கொடுத்துவிட முடியாத பொருள்; அதில் காய் இருக்கிறது.

"கீழ வைங்க, அவ எடுத்துக்குவா" என்றாள் ஈஸ்வரி.

நான் ரயில்பெட்டியின் தரையில் வைக்கக் குனிந்தேன். தேனு காலால் அந்த இடத்தை மறைத்தாள்.

"கையில குடுங்கப்பா."

"வேணாண்டி!" என்று ஈஸ்வரி பதறினாள். "மொளகாய கையில வாங்கக் கூடாது. அப்பனுக்கும் மகளுக்கும் சண்ட வரும்."

"வரட்டும்மா" என்றாள் தேனு. கையை நீட்டியபடியே நின்றாள். கண் கலங்கியிருந்தது. "சண்ட போடவாச்சும் போன் பண்ணுவோம்ல."

கதவு மூடப்போகிறது என்று மணி அடித்தது. நான் டப்பாவை அவள் இரண்டு கையிலும் வைத்து, என் கையால் மூடி அழுத்தினேன். ஈஸ்வரி, "ஐயோ, பெருமாளே" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

போய்ச் சேர்ந்ததும் செய்தி வந்தது. கூடவே கீத்தோஸ் வந்தது. ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. ஈஸ்வரியும் நானும் தாய்ச்செடியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"என்ன செடிப்பா குடுத்தீங்க? பூவெல்லாம் கொட்டிக்கிட்டே இருக்கு!"

"தண்ணி ஊத்துனியா?"

"ஊத்தல. அம்மாதான வாடப் போடச் சொன்னாங்க."

"அதுக்குன்னு ஒரேயடியாவா வாடப் போடுவ? கிறுக்கச்சி! மண்ணத் தொட்டுப் பாக்கத் தெரியாதா?"

"சொல்லிக் குடுத்தீங்களா நீங்க? சேல கட்டி நெழலு போடத்தான தெரியும் ஒங்களுக்கு!"

"ஏய், யாரப் பாத்து என்ன பேசுற?"

ஈஸ்வரி போனைப் பிடுங்கி அவள் பங்குக்குக் கத்தினாள். நான் திரும்பப் பிடுங்கினேன். செடியில் ஆரம்பித்து, அவள் அறையின் குளிர், சாப்பாடு, தனியாக இருக்கும்போது அழுகை வந்தது, நாங்கள் ஏன் போன் செய்யவில்லை, அவள் ஏன் செய்யவில்லை என்று சண்டை எங்கெங்கோ போயிற்று. மேல்மாடியில் பெக்கா என்ன நினைத்தாரோ, கொஞ்ச நேரம் கழித்து வாசலில் மணி அடித்தது. போய்ப் பார்த்தால் தரையில் ஒரு ரொட்டி இருந்தது, ஆள் இல்லை.

சண்டை முடியும்போது குழம்பு ஆறிப்போயிருந்தது. "கையில குடுக்காதீகன்னு சொன்னேன், கேட்டீகளா?" என்று ஈஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் போட்டாள்.

போனை வைக்கும்போது தேனு கீத்தோஸ் சொல்லவில்லை.